கணக்கில் வராத கோல்கள்: சுந்தரமூர்த்தியும் மலேசியக் கிண்ணமும்

1993-ஆம் ஆண்டு, காலாங் தேசிய விளையாட்டரங்கில் புருணை அணிக்கு எதிராக வி. சுந்தரமூர்த்தி ஒரு கோல் அடித்தார். கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டியபடி உடலை அந்தரத்தில் சாய்த்து, பந்தைத் தன் தலைக்கு மேலாகப் பின்புறம் உதைத்த கோல். சிங்கப்பூரில் ஐம்பது வயதைக் கடந்த காற்பந்து ரசிகர் யாரிடமும் பேச்சுக் கொடுத்தால், சற்று நேரத்தில் அந்தக் கோலுக்கு வந்துசேர்வார். பழைய தேசிய அரங்கில் விழுந்த கோல்களில் அழகானது எது என்ற விவாதம் எழும்போதெல்லாம் முதலில் அடிபடும் கோல் அது.

சிங்கப்பூர் 1965-இலும் புருணை 1984-இலும் முழு விடுதலை பெற்ற நாடுகள். இரண்டும் மோதிய ஆட்டம்தான். ஆனாலும் அது அனைத்துலக ஆட்டம் அன்று. இரு நாடுகளும் மூன்றாவதொரு நாடான மலேசியாவின் போட்டித் தொடரில், பகாங், கெடா, சிலாங்கூர் போன்ற மாநிலங்களின் வரிசையில் நின்று ஆடிக்கொண்டிருந்தன. அதனால் ஒருவர் நாட்டுக்காக எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை கோல் போட்டார் என்று எண்ணும் அனைத்துலகப் பதிவேட்டில் அந்தக் கோல் ஏறவில்லை. அந்தத் தொடரில் அவர் அடித்த மற்ற கோல்களும் ஏறவில்லை. ஒரு நகரம் தன் ஆட்டக்காரரை எதற்காக நேசித்ததோ அதையே விட்டுவிட்டுத்தான் அவருடைய அதிகாரப்பூர்வமான கணக்கு எழுதப்படுகிறது. சுந்தரமூர்த்தியின் காற்பந்து வாழ்க்கையை ஆராய்பவர் இந்த முரணிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த முரணின் வேர் 1921-இல் இருக்கிறது. பிரிட்டிஷ் போர்க்கப்பலான ‘மலாயா’வின் அதிகாரிகளும் மாலுமிகளும் அளித்த கிண்ணத்துக்காக அந்த ஆண்டு மலாயாவின் பகுதிகளுக்கிடையே காற்பந்துப் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டிலேயே வென்றது சிங்கப்பூர். அப்போது அந்தப் பகுதிகள் எல்லாம் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் இருந்தன. கிண்ணத்துக்காக ரயிலேறி வடக்கே போவது வெளிநாட்டுப் பயணமாக யாருக்கும் தோன்றியிராது. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அந்தப் பழக்கம் அறுபடவில்லை. தேசிய அணிக்கு ஆடிய அதே ஆட்டக்காரர்கள், மலேசியக் கிண்ணம் என்று வந்துவிட்டால் மாநில அணியாகக் களமிறங்கினார்கள். 1982 முதல் 1984 வரை ஒரு விலகல், 1985-இல் மறுநுழைவு, 1994 முடிந்ததும் பிரிவு, 2012 முதல் 2015 வரை மீண்டும் ஓர் உறவு என்று இழுபறியாகவே அது நீடித்தது. மொத்தம் 24 முறை சிங்கப்பூர் அந்தக் கிண்ணத்தை வென்றிருக்கிறது.

அண்டை நாட்டின் போட்டியில் ஆடுவது வேறெங்கும் இல்லாத வழக்கம் அன்று. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி இங்கிலாந்தின் போட்டிகளில் ஆடுகிறது. 1927-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. ஆனால் கார்டிஃப் ஒரு கிளப்தான். தன் முழுத் தேசிய அணியையே அண்டை நாட்டின் மாநிலக் கிண்ணத்துக்கு அனுப்பி, அதன் வெற்றி தோல்வியில் ஊரே மூழ்கிக் கிடந்த சிங்கப்பூரின் கதை வேறு. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றைக் காட்டிலும் பினாங்குடனான ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்த ஊர் இது.

வட்டார ஆட்டத்தின் பெருமையை எப்படி எழுதி வைப்பது என்பதில் ஆஸ்திரேலியர்களிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது. அவர்களுடைய ‘ஆஸ்திரேலியன் ரூல்ஸ்’ காற்பந்து ஏறக்குறைய அந்த ஒரு நாட்டுக்குள்ளேயே வாழ்கிற ஆட்டம். உலகக் கிண்ணம் என்ற உச்சி அதற்குக் கிடையாது. எனவே அவர்கள் வட்டாரத்துக்குள்ளேயே தங்கள் பதக்கங்களை அமைத்துக்கொண்டார்கள். தென் ஆஸ்திரேலிய லீக்கின் மகாரி பதக்கம் 1898 முதலும், மேற்கு ஆஸ்திரேலிய லீக்கின் சாண்டோவர் பதக்கம் 1921 முதலும், விக்டோரிய லீக்கில் தொடங்கிய பிரவுன்லோ பதக்கம் 1924 முதலும் வழங்கப்பட்டு வருகின்றன. பருவம் முழுவதும் சிறப்பாகவும் நேர்மையாகவும் ஆடியவரைக் கள நடுவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது இவற்றின் மரபு. ஒரு மாநிலத்துக்குள் மட்டுமே ஆடி ஓய்ந்த ஒருவரின் பெயரையும் நூறு ஆண்டு கழித்துத் தேடி எடுக்க முடிகிறது. நம் வட்டாரத்தில் கிண்ணம் அணிக்குச் சேர்ந்தது. ஆட்டக்காரருக்கு மிஞ்சியவை ரசிகர் வைத்த பட்டப்பெயரும் பத்திரிகைத் துணுக்குகளும்தான்.

சிங்கப்பூரில் தமிழரின் காற்பந்துக்கு ஒரு நிலப்பரப்பு உண்டு. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையை அடுத்து ‘ரேஸ் கோர்ஸ் ரோடு’ ஓடுகிறது. பெயருக்கேற்ப அங்கே முன்பு குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ஸ்மித் சகோதரர்களின் விமானம் இறங்கியது அந்தத் திடலில்தான். 1933-இல் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியதும், திடல் ஃபேரர் பார்க் என்ற பெயரில் பொது விளையாட்டு மைதானமாக விரிந்தது. பிரிட்டிஷ் படை சரணடைந்த கையோடு, 1942 பிப்ரவரி 17-இல் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும் அங்கேதான். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்வெளியில் தொடங்குகிறது.

போருக்குப் பிந்தைய ஃபேரர் பார்க் சிங்கப்பூர்க் காற்பந்தின் நாற்றங்காலாக இருந்தது. ஒரே புல்பரப்பில் பல ஆடுகளங்கள். ஒன்றில் கிளப் ஆட்டம் நடக்கும்போது அடுத்ததில் சிறுவர்கள் பயிற்சி செய்வார்கள். ஃபேரர் பார்க் யுனைட்டெட் என்ற பெயரிலேயே ஓர் அணி தேசிய லீக்கில் ஆடியது. வடக்கே சிறிது தூரம் நடந்தால் பாலஸ்தியர் வட்டாரம். 1923-இல் தோன்றிய இந்தியர் சங்கமும், 1928-இல் தோன்றிய சிலோன் விளையாட்டுக் கழகமும் அங்கே தங்கள் திடல்களை வைத்திருந்தன. கிழக்கே 1929 டிசம்பரில் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்தே போய் ஆட்டம் பார்க்கக்கூடிய தொலைவு. சிராங்கூன் சாலைப் பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காற்பந்து தொலைக்காட்சியில் வந்து சேர்ந்த ஆட்டம் அன்று. வாசலைத் தாண்டினால் திடல் இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்விக்குப் பயிற்சித் திட்டங்களைவிட இந்த அருகாமையே பெரிய விடை என்று நினைக்கிறேன். ஃபேரர் பார்க்கில் வீடமைப்புக் கட்டுமானம் வரும் என்று 2020-இல் அறிவிப்பு வந்தபோது பழைய ஆட்டக்காரர்கள் ஏன் அவ்வளவு கலங்கினார்கள் என்பதும் இதைக் கொண்டு பார்த்தால்தான் புரியும்.

சுந்தரமூர்த்திக்கு முந்தைய தலைமுறையில் இரண்டு பெயர்கள் தவிர்க்க முடியாதவை. ஒருவர் சமது அல்லாபிச்சை, தற்காப்பு ஆட்டக்காரர். 1977-இலும் 1980-இலும் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணிகளுக்குத் தலைவர். இன்னொருவர் எஸ். ராஜகோபால். வளைந்து செல்லும் அவருடைய பந்தை ‘பனானா கிக்’ என்றார்கள். மூலையிலிருந்தோ தடையில்லா உதையிலோ அவர் பந்தை அடித்தால், அது எதிரணிச் சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கே போய் இறங்கும் என்று கோல் காப்பாளருக்கே தெரியாது. 1977 மே மாதம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்துக்குப் பின் பினாங்கை 3-2 என வென்றது சிங்கப்பூர். பயிற்றுவிப்பாளர் சூ செங் குவீ. எல்லாருக்கும் ‘அங்கிள் சூ’. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் கலந்த அந்த அணியின் வெற்றியை, விடுதலைக்குப் பின் பிறந்த சிங்கப்பூரின் முதல் பொது மகிழ்ச்சிகளில் ஒன்றாகவே கொள்ளலாம். அதுவும் மாநிலக் கிண்ணம்தான்.

ஓட்டக்காரர் கனகசபை குணாளனை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அவரும் முதலில் காற்பந்தாட்டக்காரரே. பயிற்றுவிப்பாளர் டான் எங் யூன் அவருடைய வேகத்தைக் கண்டு தடகளத்துக்கு அழைத்து வந்தார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் வெள்ளி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 10.38 விநாடி. அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டு நின்றது; 2001-இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடித்தான் அதை விஞ்சினார். 10.38 என்ற எண்ணை எந்த நாட்டில், எந்தக் காலத்தில் கேட்டாலும் அதன் எடை தெரியும். குணாளன் காற்பந்திலேயே தங்கியிருந்தால் அவருடைய திறமைக்கு இப்படி ஓர் எண் கிடைத்திருக்காது. அளவுகோல் இல்லாத கலையில் சிறந்தவர்களை மறதி சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. அவர்கள் ஆடியது அனைத்துலகக் கணக்கில் சேராத அரங்கிலும் என்றால், மறதிக்கு வேலை இன்னும் சுலபம்.

வரதராஜு சுந்தரமூர்த்தி 1965 அக்டோபர் 6 அன்று, நாடு தனியாகி இரண்டு மாதம்கூட ஆகாத வேளையில் பிறந்தார். 1980களின் முதற்பாதியிலேயே, இருபது வயதுக்கு முன்பாகத் தேசிய அணியில் இடம் பிடித்தார். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு எதிராளியைத் தடுமாற வைப்பதில் அவருக்கு இணை சொல்ல அன்று ஆளில்லை. ‘டேஸ்லர்’ என்று பட்டம் சூட்டினார்கள். ஃபாண்டி அகமது அப்போது தேசமே கொண்டாடிய நட்சத்திரம். நெதர்லாந்தின் குரோனிங்கன் கிளப்புக்கு ஆடி, 1983-இல் இன்டர் மிலானுக்கு எதிராகக் கோலும் போட்டுத் திரும்பியவர். ஃபாண்டியிடம் உடல் வலிமையும் கோல் வேட்கையும் இருந்தன. சுந்தரமூர்த்தியிடம் இருந்தது கற்பனை. எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத ஒன்றைச் செய்யும் துணிவு அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. ரசிகர்கள் இருவரில் யார் பெரியவர் என்று சண்டை போட்டார்கள். இருவரையும் ஒரே அணியில் பார்க்க வாய்த்தது அவர்களுடைய பாக்கியம்.

அவரும் ஐரோப்பா போனார். 1980களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பில் சேர்ந்தார். தென்கிழக்காசிய ஆட்டக்காரர் ஒருவர் ஐரோப்பியக் கிளப்பில் கால் வைப்பதே அரிது. இன்றும் அந்த நிலை பெரிதாக மாறிவிடவில்லை. அங்கே அவர் நிலைக்கவில்லை. வட்டாரத்துக்குத் திரும்பி, சிங்கப்பூருக்கும் தீபகற்பத்து மாநில அணிகளுக்குமாக ஆடினார். இதைத் தோல்வியாக எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1989-இல் மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் தொடங்கிய பிறகு வட்டாரக் காற்பந்தில் பணமும் போட்டியும் கூட்டமும் பெருகின. பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்றிருந்த தலைமுறைக்கு அடுத்து வந்தவர்களுக்கு ஆட்டமே தொழிலாகும் வாய்ப்பு அங்கேதான் திறந்தது. பாசலில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருப்பதைவிட, தன் ஆட்டத்தைப் புரிந்துகொண்டு ஆர்ப்பரிக்கும் ஐம்பதாயிரம் பேர் முன்னால் ஆடுவதை ஒருவர் விரும்பினால், அதில் குறைவு என்ன?

பட்டங்களின் கணக்கில் மட்டும் அவருடைய காலம் கொடுத்து வைக்கவில்லை. தென்கிழக்காசிய விளையாட்டுக் காற்பந்தில் சிங்கப்பூர் 1983, 1985, 1989 ஆகிய மூன்று முறையும் வெள்ளியோடு நின்றது. தங்கம் இன்றுவரை கைக்கு வரவில்லை. மலேசியக் கிண்ண இறுதியில் 1990-இல் கெடாவிடம் 3-1 எனத் தோற்றது. 1992-இல் லீக்கின் இரண்டாம் பிரிவுக்கே இறங்கியது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1993-இன் மீட்சி. வெளி மாநிலங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். ஃபாண்டியும் மாலெக் அவாப்பும் சுந்தரமூர்த்தியும் சேர்ந்து ஆடிய அந்த அணியைக் ‘கனவு அணி’ என்றார்கள். காலாங் அரங்கு மறுபடியும் நிறைந்தது. ‘காலாங் ரோர்’ எனப்பட்ட பேரிரைச்சல் திரும்பியது. புருணைக்கு எதிரான கோல் அந்தப் பருவத்தில் விழுந்ததே. மேல் பிரிவுக்கு ஏறியும், கிண்ண இறுதியில் மீண்டும் கெடாவிடம் 2-0 எனத் தோல்வி. மறு ஆண்டு, 1994 டிசம்பரில் ஷா ஆலம் அரங்கில் பகாங்கை 4-0 என வீழ்த்திச் சிங்கப்பூர் கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு லீக் பட்டமும் கிடைத்தது. எல்லைப் பாலத்தைத் தாண்டிப் பேருந்து பேருந்தாக ரசிகர்கள் போன அந்த இரவில், சுந்தரமூர்த்தி அணியில் இல்லை.

கனவைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் அது பலித்தபோது களத்தில் இல்லாதது, சிங்கப்பூர் விளையாட்டு வரலாற்றின் ஆறாத வருத்தங்களில் ஒன்று. வென்றவர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் படிக்கும் எதிர்கால வாசகருக்கு அவர் கண்ணில் படவே மாட்டார்.

இதற்கு நேர் எதிரான விதி இன்னொரு ஆட்டக்காரருக்கு வாய்த்தது. 1998 செப்டம்பர் 5, ஹனோய். ஆசியான் நாடுகளின் டைகர் கிண்ண இறுதியாட்டம். சொந்த மண்ணில் வியட்நாம். சிங்கப்பூரின் தற்காப்பு ஆட்டக்காரர் ஆர். சசிகுமாரின் மேல் பட்டு வலைக்குள் போனது பந்து, 1-0. காலிலும் படவில்லை, நெற்றியிலும் படவில்லை. அழகு என்று அதில் எதையும் யாரும் சொல்வதில்லை. ஆனால் சிங்கப்பூர் வென்ற முதல் அனைத்துலகக் கிண்ணம் அந்தக் கோலால் வந்தது. பதிவேட்டில் நாள், நிமிடம், பெயர் எல்லாம் உள்ளன. சசிகுமாரின் பெருமையை நான் எள்ளளவும் குறைக்கவில்லை. பந்து வரும் இடத்தில் நிற்பதும் ஆட்டக்காரனின் திறமைதான். இந்த இரண்டு கோல்களையும் அருகருகே வைத்தால், பதிவேடு அளப்பது ஆட்டத்தின் ஒரு பகுதியைத்தான் என்பது விளங்கும்.

ஆடி ஓய்ந்த பிறகு சுந்தரமூர்த்தி பயிற்றுவிப்பாளரானார். 1996-இல் தொடங்கிய உள்ளூர் எஸ்.லீக்கில் ஜூரோங் அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் இருந்து, பின்னர் படிப்படியாக உயர்ந்தார். 2012-இல் சிங்கப்பூர் மலேசிய லீக்குக்குத் திரும்பியபோது, ‘லயன்ஸ்12’ என்ற அந்த இளம் அணியை அவரிடம் ஒப்படைத்தார்கள். முதல் ஆண்டு இரண்டாம் இடம். மறு ஆண்டு, 2013 ஜூலை 2 அன்று, ஜாலான் புசார் அரங்கில் ஃபெல்டா யுனைட்டெட்டை 4-0 என வென்று மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை உறுதி செய்தார்கள். தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அதே ஜாலான் புசார். 1994-இல் நழுவியது, வேறு வடிவில், வேறு பொறுப்பில் அவர் கைக்கு வந்தது.

அவருடைய பயிற்றுவிப்புப் பாணி பலரை வியக்க வைத்தது; சிலரை ஏமாற்றவும் செய்தது. கற்பனையால் ஆடியவர், தன் அணியைக் கட்டுப்பாட்டால் ஆட வைத்தார். முதலில் கோல் விடாதே, பிறகு பார்க்கலாம் என்ற ஒழுங்கு. இளம் அணியோடு லீக் பட்டம் வெல்ல அது உதவியது. 2016 மே மாதம் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றபோது அதே ஒழுங்கு அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. அந்த ஆண்டு ஆசியான் கிண்ணத்தில் சிங்கப்பூர் முதல் சுற்றோடு வெளியேறியது. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றிலும் ஒரு வெற்றிகூட இல்லை. 2018 ஏப்ரலில் பதவி விலகினார். தற்காப்பு ஆட்டம் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் அவர் கையில் ஒரு ஃபாண்டியோ, இன்னொரு சுந்தரமூர்த்தியோ இருந்தார்களா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இல்லாத திறமையை இருப்பதாகப் பாவித்துக் களமிறக்குவது வேறு வகைப் பொறுப்பின்மை. அவரைப் போன்ற ஒருவரை அடுத்தடுத்த தலைமுறை ஏன் தரவில்லை என்பது ஒரு பயிற்றுவிப்பாளரின் தலையில் கட்டக்கூடிய கேள்வி அன்று. திடல்கள் குறைந்ததையும், மாலை நேரங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குப் போனதையும் பேசாமல் அதற்கு விடை காண முடியாது.

இப்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1985-இல் மறுநுழைவிலிருந்து 1994-இல் பிரிவு வரை பத்துப் பருவங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் நாளிதழ்களில் அணிப் பெயர்களும், கோல் அடித்தவரும், நிமிடமும் அச்சாகியுள்ளன. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், பெரித்தா ஹரியான், தமிழ் முரசு என்று மூன்று மொழிகளில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பழைய இதழ்கள் பலவும் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் கிடைக்கின்றன. இவற்றைக் கொண்டு மாநில ஆட்டங்களுக்கென ஒரு தனிப் பதிவேடு தொகுக்க வேண்டும். அதில் சுந்தரமூர்த்தி மாநிலச் சட்டையில் அடித்த கோல்களுக்கு நாளும் எதிரணியும் குறிக்கப்பட வேண்டும். 1970களுக்கும் இதே வேலையைச் செய்து, ராஜகோபாலின் வளைந்த உதைகளையும் சமது தலைமை தாங்கிய ஆட்டங்களையும் சேர்க்கலாம். ஆனால் அங்கே சாட்சிகள் மறைந்துகொண்டிருக்கிறார்கள். 1977 அணியின் டோலா காசிம் 2010-இலேயே போய்விட்டார். சுந்தரமூர்த்திக்கு 2025 அக்டோபரில்தான் அறுபது நிறைந்தது. எந்தப் பருவத்தில் எந்த மாநிலத்துக்கு ஆடினார், எந்தக் கோலைப் பத்திரிகை வேறொருவர் கணக்கில் எழுதியது என்பதையெல்லாம் அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.